மின்காரின் கணக்கு எங்கே தொடங்குகிறது?

மின்கார் ஓடுவதும் நிலக்கரியில்தான், அதில் ஆற்றல் மிச்சம் ஏதுமில்லை என்று செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அடிக்கடி வருகிறது. நெய்வேலி அனல்மின் நிலையம் பக்கத்து மாவட்டத்திலேயே இருப்பதால், செஞ்சி மாணவர்கள் மனத்தில் இது எளிதில் பதிந்துவிடுகிறது. விளம்பரங்களோ, பெட்ரோல் காரைவிட மின்கார் பல மடங்கு திறன் மிக்கது என்கின்றன. எது சரி என்று வகுப்பில் கேள்வி எழும்போது, பத்தாம் வகுப்பு அறிவியலில் உள்ள கிலோவாட் மணி (யூனிட்) ஒன்றே விடை காணப் போதுமானது.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை ஏறத்தாழ 30 கி.மீ. என்று கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காருக்கு 2 லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள வெப்ப ஆற்றல் சுமார் 9 யூனிட். ஆக 18 யூனிட். அதே தூரத்துக்கு ஒரு சிறிய மின்கார் மின்கலத்திலிருந்து எடுப்பது சுமார் 4.5 யூனிட். விளம்பரக் கணக்கு இங்கேயே நின்றுவிடும்.

ஐயம் எழுப்புவோர் கொதிகலனிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கம்பிகளிலும் சார்ஜ் செய்யும்போதும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால், மின் நிலையம் ஏறக்குறைய 6 யூனிட் அனுப்ப வேண்டும். நிலக்கரி வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலே மின்சாரமாகிறது. எனவே எரிக்க வேண்டியது சுமார் 17 யூனிட் வெப்பம். 18-க்கு 17! செய்தி பொய்யில்லை போலிருக்கிறதே என்று மாணவர்கள் வியப்பார்கள். ஆசிரியர் இங்கே சற்று நிறுத்துவது நல்லது.

நிலக்கரியைக் கொதிகலனிலிருந்து கணக்கிட்டவர், பெட்ரோலை மட்டும் காரின் டேங்கிலிருந்து கணக்கிட்டிருக்கிறார். கச்சா எண்ணெயை எடுக்க, கப்பலில் கொண்டுவர, சுத்திகரிக்க, லாரியில் பங்க் வரை சேர்க்க ஆன ஆற்றல் விடுபட்டுவிட்டது. (நிலக்கரியை வெட்டி எடுக்கவும் ஆற்றல் வேண்டும், அதையும் மறைக்கக் கூடாது.) மேலும் தமிழ்நாட்டின் மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்து வருவதில்லை. முப்பந்தல் காற்றாலைகளுக்கும், 648 மெகாவாட் கமுதி சூரிய மின் நிலையத்துக்கும், குந்தா புனல் மின் நிலையங்களுக்கும் கொதிகலன் இல்லை. அங்கிருந்து வரும் 6 யூனிட்டுக்கு 17 யூனிட் வெப்பம் தேவைப்படாது. எனவே விடை நேரத்தையும் பருவத்தையும் பொறுத்து மாறும். மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்தில் ஒரு கணக்கு, காற்று ஓய்ந்த இரவில் சார்ஜ் செய்தால் வேறொரு கணக்கு.

பெட்ரோல் எஞ்சின் ஏன் இவ்வளவு வீணாக்குகிறது என்றும் கேட்பார்கள். எரிபொருள் வெப்பத்தின் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. பிரேக் பிடிக்கும்போதும் இயக்க ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. மின்காரிலோ வேகம் குறையும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. பழைய சைக்கிள் டைனமோ ஒன்று கிடைத்தால் வகுப்பில் சுற்றிக் காட்டலாம்.

நம் மாணவர்கள் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது கார் அல்ல, ஸ்கூட்டர்தான். 50 கி.மீ. ஓட பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஒரு லிட்டர், அதாவது 9 யூனிட். மின் ஸ்கூட்டருக்கு மின்கலத்தில் சுமார் 1.5 யூனிட், மின் நிலையத்தில் 2 யூனிட். அத்தனையும் நிலக்கரி என்றே வைத்துக்கொண்டாலும், எரிக்க வேண்டிய வெப்பம் 6 யூனிட்டைத் தாண்டாது.