வெளிச்சம் தள்ளும் கப்பல்

விண்கலம் வேகம் கூட்ட எரிபொருளை எரிக்க வேண்டும். தொலைதூரம் போகக் கூடுதல் எரிபொருள் ஏற்றினால், அந்த எடையைத் தூக்கவே இன்னும் எரிபொருள் தேவைப்படும். தொட்டி காலியானால் அதோடு சரி. எரிபொருளே இல்லாமல் வேகம் கூட்ட முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான், வெளிச்சத்தின் தள்ளலிலேயே ஓடும் சூரியப் பாய்.

வெளிச்சம் எப்படித் தள்ளும்?

ஒளிக்கு நிறை கிடையாது. ஆனால் உந்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் இதைக் கணக்கில் சொன்னார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய இயற்பியலாளர் லெபெதேவ் ஆய்வகத்தில் அளந்தே காட்டினார்.

சுவரில் எறிந்த களிமண் உருண்டை அப்படியே ஒட்டிக்கொள்ளும். பந்தோ மோதித் திரும்பும். திரும்பும் பந்துதான் சுவரைக் கூடுதலாகத் தள்ளுகிறது. ஒளியும் அப்படித்தான். கறுப்புப் பரப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும். கண்ணாடி போன்ற பரப்பு அதைத் திருப்பி அனுப்புவதால் இரண்டு மடங்கு தள்ளல் கிடைக்கும். அதனால்தான் சூரியப் பாயை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் அலுமினியம் பூசிச் செய்கிறார்கள்.

சூரியனிலிருந்து துகள்களாக வீசும் ‘சூரியக் காற்று’தான் இந்தப் பாயைத் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் தள்ளல் ஒளியின் தள்ளலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இங்கே வேலை செய்வது வெளிச்சம் மட்டுமே.

எவ்வளவு விசை?

ஜப்பானின் ஜாக்ஸா நிறுவனம் 2010 மே மாதம் ஏவிய ‘இகாரோஸ்’தான் கோள்களுக்கு இடையில் பாய் விரித்து ஓடிய முதல் கலம். அதன் பாய் பக்கத்துக்கு 14 மீட்டர் கொண்ட சதுரம், தடிமன் 7.5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கலத்தைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியின் இழுப்பிலேயே பாயை விரித்தார்கள்.

அதன்மேல் வெளிச்சம் செலுத்திய விசை 1.12 மில்லி நியூட்டன். உள்ளங்கையில் ஐந்தாறு அரிசியை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவுதான். சுமார் 310 கிலோ எடையுள்ள அந்தக் கலத்துக்கு இதனால் ஒரு நாளில் வினாடிக்கு 30 சென்டிமீட்டர் அளவே வேகம் கூடும். எறும்பின் உழைப்புதான். ஆனால் விண்வெளியில் உராய்வு இல்லை. சூரியன் அணைவதும் இல்லை. இதே விசை ஓராண்டு முழுக்கத் தள்ளினால் மணிக்கு 400 கிலோமீட்டர் வேகம் சேர்ந்துவிடும்.

சூரியனை நோக்கிப் போக முடியுமா?

முடியும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எந்தக் கலமும் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பாயைச் சாய்த்து ஓட்டத்தின் திசையிலேயே தள்ளல் விழும்படி செய்தால் சுற்றுப்பாதை விரியும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஓட்டம் தளர்ந்து, கலம் சூரியனை நோக்கி உள்ளே இறங்கும். பாயின் சாய்வுதான் சுக்கான்.

பூமியைச் சுற்றியும் இதைச் செய்து காட்டினார்கள். கோள்கள் சங்கம் என்ற அமைப்பு மக்களிடம் நன்கொடை திரட்டி 2019இல் அனுப்பிய ‘லைட்செயில் 2’, 5 கிலோ எடையும் 32 சதுர மீட்டர் பாயும் கொண்டது. சூரியனை நோக்கி வரும்போது பாயின் விளிம்பைக் காட்டும். விலகிப் போகும்போது முகத்தைக் காட்டும். இப்படியே சில நாட்களில் அதன் சுற்றுப்பாதையின் உச்சி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயர்ந்தது.

இந்தியாவுக்கும் இந்த விசை பழக்கமானது. இன்சாட்-2ஏ செயற்கைக்கோளில் சூரியத் தகடுகள் ஒரே பக்கம் இருந்தன. வானிலைப் படக்கருவியைக் குளிர்விக்க மறுபக்கம் இருண்ட வானைப் பார்க்க வேண்டியிருந்தது. தகடுகளில் விழும் வெளிச்சம் செயற்கைக்கோளைத் திருப்பிவிடாமலிருக்க, எதிர்ப்பக்கம் நீண்ட கம்பத்தில் ஒரு சிறு பாயைப் பொருத்தினார்கள். பயணத்துக்கு அல்ல, சமநிலைக்கு.

எங்கே சிக்கல்?

சூரியனிலிருந்து விலக விலக வெளிச்சம் வேகமாகக் குறையும். வியாழனுக்கு அருகில் இங்கு கிடைப்பதில் 27இல் ஒரு பங்குதான். லேசர் ஒளியால் பாயைத் தள்ளி வேறு விண்மீன்களுக்கு அனுப்பும் யோசனை இதற்காகவே வந்தது. அது இன்னும் காகிதத்திலும் ஆய்வகத்திலும்தான் இருக்கிறது.

உடனடிச் சிக்கல் வேறு. பெரிய பாயைச் சிறு பெட்டிக்குள் மடித்து வைத்து, கை எட்டாத உயரத்தில் கிழியாமல் விரிக்க வேண்டும். நாசா 2024இல் ஏவிய சோதனைக் கலம் 80 சதுர மீட்டர் பாயை விரித்தது. ஆனால் அதைத் தாங்கும் நான்கு கைகளில் ஒன்று சற்றே வளைந்திருந்தது. வெளிச்சம் தள்ளுமா என்ற கேள்விக்கு இகாரோஸ் பதில் சொல்லிவிட்டது. பாயை இன்னும் பெரிதாக, இன்னும் மெலிதாக, கோணாமல் விரிப்பதுதான் இனி வேலை.