இளவயதில் முகத் தூக்கு அறுவை



முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடி முன் நின்று, இரு காதோரமும் விரலை வைத்துக் கன்னத்தை மேலே இழுத்துப் பார்க்கிறாள். இழுத்தால் வயது குறைந்தாற்போல் தெரிகிறது. விட்டால் பழையபடி தொங்குகிறது. பட்டணத்தில் 'முகத் தூக்கு' செய்கிறார்களாமே, செய்து கொள்ளலாமா என்று அவளுக்கு ஆசை. ஆசைப்படுவதில் குற்றமில்லை. எதைச் செய்து கொள்வது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

முதலில் அந்த விரல் பரீட்சையையே கவனியுங்கள். இழுத்தபோதும் கரும்புள்ளியும் மெல்லிய கோடுகளும் மாறவில்லை என்றால், அறுவையும் அவற்றை மாற்றாது. செம்பனைக் காட்டில் உரம் போட்டும், உதிர்ந்த பழம் பொறுக்கியும் வெயிலில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் குறைதான். அதற்குத் தோல் மருத்துவரும், தலையை மூடும் அகன்ற தொப்பியும் போதும், கத்தி வேண்டாம்.

கன்னமே சரிந்திருந்தால் பேச்சு வேறு. தலையணை உறையை மட்டும் இழுத்துக் கட்டினால் உள்ளே பஞ்சு சரிந்தே கிடக்குமல்லவா? தொடக்க காலத்து அறுவையில் தோலை மட்டுமே இழுத்துத் தைத்தார்கள். முகம் விறைத்தது, தழும்பும் அகன்றது. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே தசையோடு சேர்ந்த ஒரு படலம் இருப்பதை 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விளக்கிக் காட்டினார்கள். அதன் பிறகு அந்தப் படலத்தை மடித்துத் தைத்துத் தூக்கும் முறை பரவியது. 1990இல் அமெரிக்காவின் ஹம்ரா, படலத்துக்கும் கீழே சென்று தூக்கும் ஆழ்முறையை வெளியிட்டார். சிரிக்கவும் கண்ணை மூடவும் உதவும் நரம்பின் கிளைகள் அந்த ஆழத்தில்தான் ஓடுகின்றன. தேர்ந்த கை வேண்டும்.

இளையவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது சிறு தழும்பு முறை. பெல்ஜியத்தில் டொனார்ட், வெர்பேல் இருவரும் பரப்பிய வகை இது. காதுக்கு முன்னால் மட்டும் கீறி, உள்ளே தையல் போட்டுக் கன்னத்தைத் தூக்குவார்கள். தாடையோரம் சற்றே தொங்கத் தொடங்கியவர்களுக்குப் பொருந்தும். கழுத்துத் தோல் நெகிழ்ந்தவர்களுக்குப் போதாது. கீறாமல் நூல் கோப்பதும் உண்டு. அந்த நூல் சில மாதங்களில் கரைந்துவிடும். தூக்கலும் நெடுநாள் நில்லாது. மலிவு என்று நம்பி மீண்டும் மீண்டும் போய்க் காசைக் கொட்டியவர்கள் உண்டு.

நம் பெண்கள் ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். காது குத்திய இடத்தில் தழும்பு கட்டிபோல் தடித்ததுண்டா? அறுவைக் கீறல் வருவதும் அதே காதோரத்தில்தான். கருமையான தோலில், அதுவும் இளவயதில், தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம். ஐம்பது வயதில் மெல்லிய கோடாக ஆறும் கீறல் இருபத்தெட்டில் தடித்துச் சிவக்கலாம். தாய்க்கோ அக்காளுக்கோ அப்படி இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். புகை பிடிப்பவர் பல வாரம் முன்பே விட வேண்டும். இல்லையேல் தூக்கிய தோலுக்கு இரத்தம் எட்டாமல் அது கருகலாம். பிள்ளை பெறவோ உடம்பை இளைக்கவோ எண்ணமிருந்தால் அதை முடித்துக்கொண்டு வாருங்கள்.

யாரிடம் போவது? அழகு நிலையத்தில் ஊசியோ நூலோ போட இடங்கொடுக்காதீர்கள். அது மருத்துவர் வேலை. அறுவை செய்பவரின் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் ஒட்டறுவை நிபுணராக இருக்கிறதா என்று பாருங்கள். படித்த பிள்ளையிடம் சொன்னால் கைத்தொலைபேசியிலேயே தேடித் தருவான். "எந்த முறையில் உங்களுக்கு அதிகப் பழக்கம்?" என்றும் தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக, முதல் நாள் இரவைப் பற்றி. தோலுக்கடியில் இரத்தம் கட்டுவதுதான் இந்த அறுவையில் அடிக்கடி வரும் தொல்லை. பெரும்பாலும் அது ஒரு நாளுக்குள் வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தோட்டம் தொலைவில் இருந்தால் அன்றிரவு பட்டணத்திலேயே உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.