தூரம் ஒன்று, நேரம் வேறு

திருமுருகன்பூண்டியிலிருந்து பனியன் ஆர்டர் பேச ஜெர்மனி புறப்படுகிறவர், கோவை–ஃபிராங்க்ஃபர்ட் வான்தூரம் சுமார் 7,500 கிலோமீட்டர் என்று பார்த்து, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, எட்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைக்கக்கூடும். அந்தக் கணக்கு பலிக்காது. 7,500 என்பது பூமிப்பந்தின் மேல் வரையக்கூடிய மிகக் குறுகிய வளைகோடு. விமானமோ அனுமதிக்கப்பட்ட வான்வழிகளில் சுற்றித்தான் போகும். கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானமும் இல்லை. சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ மாற வேண்டும்.

காத்திருப்பைக் கழித்துவிட்டால் கணக்கு சரியாகுமே என்று கேட்கலாம். ஆகாது. ஏறத்தாழ அதே தூரமுள்ள சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் நேரடிப் பயணமே சுமார் பத்து மணி நேரம் பிடிக்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, போகும்போது எதிர்த்துத் தள்ளும். அதே காற்று திரும்பும்போது துணை நிற்பதால் பயணம் சுருங்கும். டிக்கெட்டில் உள்ள புறப்பாடு, வருகை நேரங்களைக் கழித்துப் பார்ப்பதும் ஏமாற்றும். ஜெர்மனி நேரம் குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி பின்தங்கியது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது 'மொத்தப் பயண நேரம்' எவ்வளவு என்று கேளுங்கள்; வியாபாரப் பேச்சை மறுநாளைக்கு வையுங்கள்.