கண்ணில் விழும் ‘பூ’

நெடுநாள் வைத்த உணவில் பூசணம் பூத்தது என்கிறோம். கருவிழியில் வெண்புள்ளி தோன்றினால் பூ விழுந்தது என்கிறோம். முன்னது காரணத்தைச் சுட்டும் வழக்கு. பின்னது தோற்றத்தை மட்டுமே சுட்டுவது. ஆறிய காயத்தின் வடுவும், பாக்டீரியாப் புண்ணும், பூஞ்சைப் புண்ணும் பேச்சுவழக்கில் ஒரே ‘பூ’தான். மருத்துவமோ இவற்றைப் பிரித்தறிந்தாக வேண்டும்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் காண்டாக்ட் லென்ஸ் என்னும் தொடுவில்லை அணிந்தோர் பலருக்கு, ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழிப் புண் உண்டானது. புண்ணின் விளிம்பு இறகுபோல் பிரிந்திருப்பதும், அருகே சிறு புள்ளிகள் தோன்றுவதும் பூஞ்சையை ஐயுறச் செய்யும் குறிகள். எனினும், அவை மட்டும் சான்றாகா. மருத்துவர் புண்ணைச் சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் காண்பார். பூஞ்சை இழைகள் சில நிமிடங்களிலேயே புலப்படக்கூடும். எவ்வகைப் பூஞ்சை என அறிய அதனை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தல் வேண்டும். அதற்குப் பல நாள்கள் ஆகலாம்.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. பாக்டீரியாவுக்குரிய மருந்து பூஞ்சையை அழிக்காது, ஸ்டீராய்டு சொட்டு மருந்து நோயை முற்றச் செய்யும், பார்வையே பறிபோகலாம். ஆகவே, தொடுவில்லை அணியும் மாணவர் கண் சிவந்து வலித்தால், வில்லையைக் கழற்றி, அதனையும் அதன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரை நாடுதல் வேண்டும்.