முகவரி கேட்கும் விடுதலை

கோலாலம்பூர் புடு சிறையில் இன்று எஞ்சி நிற்பது அதன் நுழைவாயில்தான். 1895இல் கட்டி முடித்த சிறை அது. 1996இல் கைதிகளைச் சுங்கை பூலோவுக்கு மாற்றினார்கள். 2010இல் சாலையோர மதிலை இடித்தார்கள். 2022 முதல் அந்த வாயிலுக்குப் பின்னால் லாலாபோர்ட் பேரங்காடி. சிறை நகரின் நடுவில் இருந்தவரை, விடுதலையானவர் கையில் ஒரு பையோடு வெளியே வந்து சற்று நடந்தால் புடுராயா பேருந்து நிலையம். ஈப்போவுக்கோ சிரம்பானுக்கோ ஏறிவிடலாம். கிள்ளான்காரர் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து கிள்ளான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். எங்கே தங்கப் போகிறாய் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் தோட்டத்து லயன் வீடு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ், இல்லாவிட்டால் புறம்போக்கில் பலகையும் தகரமும் அடித்த வீடு. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. லயன் வீடு வேலையோடு ஒட்டியது. அப்பாவுக்கு வேலை போனால் குடும்பமே சாமானைக் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் சுவர். மகன் எதற்காக உள்ளே போனான் என்பது மட்டும் கேட்காமல் இருக்குமா? பேச்சு அடிபடத்தான் செய்யும். ஆனாலும் அம்மா அஞ்சடியில் பாயை விரித்துவிட்டால் படுக்கைப் பிரச்சினை தீர்ந்தது. சம்பளச் சீட்டு கேட்க அங்கே ஆளில்லை.

அந்த நாளில் வீட்டைப் பறித்தது அரசாங்கம். 1933ஆம் ஆண்டின் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் இன்ன மாவட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவிட இடம் கொடுத்தது. 1969 அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிச் சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமில் அடைபட்டு வந்தவர்களுக்கும் இதே கதி நேர்ந்தது. ‘புவாங் டாயிரா’ (மாவட்டம் விட்டுக் கடத்துவது) என்றாலே கம்பத்தில் சின்னப் பையனுக்கும் புரியும். பிறந்து வளர்ந்தது கிள்ளானாக இருக்கும். தமிழ்ப் பேச்சே காதில் விழாத ஒரு சிற்றூரில் கிட என்பார்கள். வாடகை அறையையும் வேலையையும் அவரே தேடிக்கொள்ள வேண்டும், போலீஸ் நிலையத்திலும் ஆஜராக வேண்டும். 2011இல் அந்த 1933 சட்டம் ரத்தானது. அவசரகாலச் சட்டமும் முடிவுக்கு வந்தது. நிம்மதி நீடிக்கவில்லை. 1959ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டத்தை 2013இல் திருத்திப் பலப்படுத்தினார்கள். ‘போக்கா’ என்றால் எல்லாருக்கும் தெரியும். அதன்படி ஐந்தாண்டு வரை ஒருவரை ஒரு வட்டாரத்துக்குள் கட்டிப்போடலாம், காலில் மின்னணுக் கருவியையும் மாட்டலாம். இந்த ஒன்றில் அன்றுக்கும் இன்றுக்கும் அதிகத் தூரமில்லை.

மற்றதெல்லாம் தலைகீழாக மாறியது 2008 ஜூலையில். சிறைச் சட்டத்தைத் திருத்திப் பரோல் முறையைக் கொண்டுவந்தார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் பாதியைக் கழித்தபின், மீதியை வெளியே கழிக்கலாம். எல்லாக் குற்றத்துக்கும் இது கிடையாது. பரோல் வாரியமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குமுன் பரோல் அதிகாரி, கைதி போகவிருக்கும் வீட்டுக்கு வருவார்.

பந்தாய் டாலாமில், அரசின் மலிவு வாடகைக் குடியிருப்பான பிபிஆர் அடுக்குமாடியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 650 சதுர அடி, மூன்று அறை. அக்கா, அவள் கணவர், மாமியார், மூன்று பிள்ளைகள். “தம்பிய ஏத்துக்கிறீங்களாம்மா?” என்று அதிகாரி கேட்கிறார். அக்கா கணவரைப் பார்க்கிறாள். கணவர் வயதுக்கு வந்த மகளின் அறைக்கதவைப் பார்க்கிறார். “யோசிச்சுச் சொல்றோம் சார்.” தம்பியின் பரோல் அந்த இடத்தில் நின்றுபோகிறது. அக்காவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் பாய் விரிக்க இடமில்லை என்பது உண்மை.

பாய் விரிக்க இடமிருந்த வீடுகள் என்னவாயின? பிராங் பெசார் முதலான நான்கு தோட்டங்கள் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்தவர்களுக்கு டெங்கிலில் கிடைத்த தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் சுவர் விரிசல் விட்டது. பிரிக்பீல்ட்ஸில் ‘ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ இடிந்து போயிற்று. கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் நிழலில் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள். சிலாங்கூரில் புறம்போக்கு வீடுகளும் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கப்பட்டன. தலைநகர் பிபிஆர் வாடகை மாதம் 124 வெள்ளிதான். நேற்று வெளியே வந்த தனியாளுக்கு அது எட்டாக்கனி. குடும்பங்களே வரிசையில் காத்திருக்கின்றன.

சரி, தனியாரிடம் வாடகைக்குப் போவதானால்? இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. 1,000 வெள்ளி வீட்டுக்குள் கால்வைக்கவே 3,500 வெள்ளி வேண்டும். பணம் இருந்தாலும் ‘இந்தியருக்கு இல்லை’ என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அதைத் தடுக்க நாட்டில் சட்டம் இல்லை. அதையும் தாண்டினால், “இதுக்கு முன்ன எங்க இருந்தீங்க?” என்ற கேள்வி வரும். நம்மவர் வீட்டுக்காரராக இருந்தாலும் அந்தக் கேள்வி வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2023இல் கட்டாய மரண தண்டனை ஒழிந்தது. மரண தண்டனையும் ஆயுள் முழுக்கச் சிறையும் பெற்றவர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்கப் புதுச் சட்டம் வழிவிட்டது. பலருக்கு 30 ஆண்டாகக் குறைந்தது. நன்னடத்தைக் கழிவு மூன்றிலொரு பங்கு. அதனால் இருபது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த முகவரியில் தோட்டம் இல்லை, சில வேளை அம்மாவும் இல்லை.

குடும்பம் இல்லாதவர்களுக்குச் சிறைத்துறையின் இடைநிலை இல்லங்கள் உண்டு. 1979இல் தொடங்கிய மலேசியன் கேர் போன்ற கிறிஸ்துவ அமைப்புகள் நெடுங்காலமாகக் கைதிகளுக்காக உழைக்கின்றன. ஜாலான் பஹாங்கில் மாநகர் மன்றத்தின் வீடற்றோர் தங்குமிடம் இருக்கிறது. அது சில நாள் தங்கலுக்குத்தான். அதற்கப்பால் கடை வாசல். அங்கே படுத்தால் 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டத்தின்கீழ் பிடித்துக்கொண்டு போகலாம்.

2024 அக்டோபர் பட்ஜெட் உரையில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், வீட்டுக்காவல் தண்டனைக்குச் சட்டம் கொண்டுவரும் எண்ணத்தை அறிவித்தார். நல்ல யோசனைதான். ஆனால் வீடு உள்ளவருக்கே அது தண்டனைக் குறைப்பு. வீடில்லாதவர் சிறையிலேயே கிடக்க வேண்டியதுதான். இதை எழுதும்போது நம் சங்கங்களையும் கோயில் நிர்வாகங்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ மேல்மாடி காலியாகக் கிடக்கும் கடைவீடு உங்கள் சங்கத்துக்கு இருந்தால், ஆறு கட்டில் போட்டு, ஒரு பொறுப்பாளரை வைத்து, பரோல் அதிகாரியிடம் அந்த முகவரியைக் கொடுக்க முடியுமா என்று அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.