கிளை பிரிந்த நூலகமும் அதன் பரிசோதனையும்

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில், கடிகாரக் கோபுரத்தின் அருகே ஒருவர் காய்கறி வாங்கி, கைத்தொலைபேசி மூலம் பணம் செலுத்துவதாகக் கொள்வோம். அச்செய்தி, சென்னையையும் தீவுகளையும் இணைத்து 2020 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வழியே செல்லக்கூடும். கரையை விட்டு நீங்குமுன்னரே அது இரகசியக் குறியீடாக மாற்றப்பட்டுவிடுகிறது.

இம்மாற்றத்திற்கான நிரல்களை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. ஆயத்தமாகத் தொகுத்து வைத்துள்ளவற்றையே எடுத்தாளுகின்றனர். புத்தகம் ஒன்றும் இல்லாவிடினும் இத்தொகுதிக்கு ‘நூலகம்’ என்றே பெயர். 1998-ல் தோன்றிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். இவற்றுள் புகழ்பெற்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம்; படியெடுத்துத் திருத்தித் தனியே வளர்க்கவும் செய்யலாம். அவ்வாறு பிரிவதை ‘ஃபோர்க்’, அதாவது கிளை, என்பர்.

2014 ஏப்ரல் 7 அன்று இந்நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ எனும் குறை வெளியாயிற்று. சில எழுத்துக்களை மட்டும் அனுப்பி, அவற்றைப் பல்லாயிரம் எனக் கூறித் திருப்பிக் கேட்டால், கணிப்பொறி எண்ணிப் பாராமல் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். இரண்டாண்டுக் காலம் எவரும் இதனைக் கவனிக்கவில்லை. சரியான கேள்விகளைக் கொண்டு மட்டும் சோதித்தால் இத்தகைய குறை புலப்படாது. அதே மாதம் ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் லிப்ரெ எஸ்.எஸ்.எல். எனும் கிளையைத் தொடங்கி, முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் நீக்கினர். ஜூனில் கூகுளின் போரிங் எஸ்.எஸ்.எல். வெளிவந்தது. ஆண்ட்ராய்டுத் தொலைபேசிகளில் இன்று அமைந்திருப்பது இக்கிளையே.

எனினும், வரிகளை நீக்குவதிலும் ஆபத்து உண்டு. 2006-ல் டெபியன் அமைப்பினர் தம் விநியோகத்திற்கென வைத்திருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். படியில், சோதனைக் கருவியொன்று குறை காட்டியதால், இரண்டு வரிகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே, ஊகிக்கவியலாத எண்களை உள்ளே கலந்துவந்த வரி. எஞ்சியது, இயங்கும் நிரலுக்குக் கணிப்பொறி இடும் வரிசை எண் மட்டுமே. அது 32,768-ஐத் தாண்டாது. ஆதலால் ஒவ்வொரு வகையிலும் அளவிலும் பிறக்கக்கூடிய சாவிகளும் ஏறத்தாழ அத்துணையே! அவை பூட்டின, திறந்தன. விடைகள் யாவும் சரியாகவே வந்தன. 2008 மே மாதத்தில்தான் குறை தெரியவந்தது. அச்சாவிகள் அனைத்தையும் மாற்ற நேர்ந்தது. தாய் நூலகத்திலோ இக்குறை இருந்ததே இல்லை.

ஆகவே கிளையைப் பேணுவோர்க்கு வேலை இருமடங்காகிறது. தாயில் செய்யப்படும் திருத்தம் தானாகக் கிளைக்கு வந்து சேராது. ஒவ்வொன்றையும் படித்து, தமக்குப் பொருந்துமா எனப் பார்த்தே சேர்த்தல் வேண்டும். விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பார்ப்பது முதற் பரிசோதனை. பள்ளி ஆசிரியர்க்கு இது புதிதன்று. அடுத்து, போலிக் கையொப்பங்களையும் சிதைந்த செய்திகளையும் இலட்சக்கணக்கில் செலுத்தி, நூலகம் மறுக்கிறதா என நோக்குவர். 2016-ல் வெளிவந்த வைச்புரூஃப் தொகுப்பு இத்தகைய பொல்லாத வினாக்களால் ஆனது. போரிங் எஸ்.எஸ்.எல். பரிசோதனையில், வேண்டுமென்றே விதி மீறி நடக்கும் எதிர்த்தரப்பு ஒன்றே அமைக்கப்பட்டுள்ளது.

இவ்வளவும் செய்து வெளியிடப்பெறும் திருத்தம், பஜாரிலுள்ள பழைய தொலைபேசிக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு வினா. ஆண்ட்ராய்டுக் கருவியின் அமைப்புகள் பகுதியில், கடைசியாகப் பெற்ற பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி காணப்படும்.