கூடு புதிதானால் கார் வேறாகிவிடுமா?

‘பழையதைப் பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், செமோரைச் சேர்ந்த கார் பட்டறைக்காரர் ஒருவர் பேசியதன் சுருக்கம்:

“பழைய காருக்குப் புது பாடி போட்டுவிட்டால் அது பழைய காரே இல்லை” என்றார் எதிரணி நண்பர். அந்தப் பேச்சை நான் மறுக்கிறேன்.

எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்கள். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அப்படியல்ல. அதில் போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும், சேசிஸ் கீழே நிற்கும். எம்ஜிபிக்கோ தகரக் கூடுதான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே பெட்டி போல நீளமாக ஓடும் ‘சில்’ பகுதி துருப்பிடித்தால் காரின் பலமே போய்விடும்.

நம் செமோர் மழையும் ஈரக் காற்றும் உங்களுக்குத் தெரியும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே தகரம் உதிரும். காரை ஜாக்கியில் தூக்கும்போது கதவு இடைவெளி குறுகினால், கூடு தளர்ந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட காருக்கு மேலே மேலே ஒட்டுப் போடுவது, விபத்தில் உயிரோடு விளையாடுவது.

இதற்கு வழி பிறந்தது 1988இல். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, எம்ஜிபிக்குப் புதிய கூடுகளைச் செய்யத் தொடங்கியது. 1992இல் அறிமுகமான எம்ஜி ஆர்வி8 காருக்கும் அந்தக் கூடே அடிப்படை.

புதுக் கூட்டுக்குள் பழைய எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டியரிங், இருக்கை எல்லாம் குடிபெயர்கின்றன. அப்படியானால் அது எந்தக் கார்? பிரிட்டனில் பல ஆண்டுகள் இதற்குப் புள்ளிக் கணக்கு வைத்திருந்தார்கள். பழைய பதிவு எண் நிலைக்க 8 புள்ளி வேண்டும். பழைய கூடு, அல்லது அதே வகைப் புதுக் கூடு இருந்தால் 5 புள்ளி. மிச்சத்தைப் பழைய பாகங்கள் தர வேண்டும். ஸ்டியரிங்குக்கு 2, ஆக்ஸிலுக்கு 2, எஞ்சினுக்கு 1. வெறும் கூட்டை வைத்துக்கொண்டு யாரும் பழைய கார் என்று சொல்லிவிட முடியாது.

நம் நாட்டில் கிராண்டில் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் இருக்கும். ஆகவே கூட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சேசிஸ் எண்ணை வெட்டி ஒட்டுவது பட்டறை வேலையல்ல. அனுமதியில்லாமல் அதில் கை வைத்தால் வழக்கு வரும், வாங்குகிறவரும் ஏமாறுவார்.

வேலையிலும் ஒழுங்கு வேண்டும். புதுக் கூட்டில் கதவு, பானெட், டிக்கி மூன்றையும் மாட்டி இடைவெளி பார்த்த பிறகே பெயிண்ட். வேலை முடியும்வரை பழைய கூட்டை இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுங்கள், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். விற்கும்போது “கூடு புதிது” என்று சொல்லி விற்றால் அது அதே கார்தான். மறைத்து விற்றால், எதிரணி நண்பர் சொன்னதே சரியாகிவிடும்.